கேட்டுக்கு வெளியே வரும் சம்பளம்

(பம்மலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பம்மல் என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருபவர் சம்பந்த முதலியார். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களை நாடக மேடைக்கு அழைத்து வந்தவர். இந்த ஊரில் எந்தப் பேச்சையும் அவரை வணங்கித் தொடங்குவது முறை. வணங்கி, என் பொருளுக்கு வருகிறேன்.

"நம்ம ஊரு எதனால பொழைச்சுதுன்னு பேசுங்க சார்" என்று அறக்கட்டளையார் கேட்டுக்கொண்டார்கள். நான் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவன். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் நூலகத்துக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுப் பரணில் ஏறினேன்.

1. பற்று நோட்டு

என் தந்தையார் பம்மலில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவருடைய பற்று நோட்டுகள் பரணில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. சிவப்புத் துணி ஒட்டிய அட்டை, நீளவாக்கில் மடித்த தாள்கள். ஓரங்களில் எண்ணெய்க் கறை. திறந்தால் இன்றும் மண்ணெண்ணெயும் சீயக்காயும் கலந்த வாடை வருகிறது. 1970களின் இறுதியில் தொடங்கி 1990களின் பிற்பாதியில் முடிகின்றன.

ஒவ்வொரு நோட்டையும் அப்பா மூன்றாகப் பிரித்திருக்கிறார். முதல் பகுதிக்கு ‘சனி’ என்று தலைப்பு. இரண்டாவது ‘மாசம்’. மூன்றாவது ‘ரொக்கம்’.

‘சனி’ என்பது தோல் ஷாப்புக்காரர்களின் பக்கம். நாகல்கேணியிலும் பம்மலிலும் பல்லாவரத்திலும் தோல் பதனிடும் டேனரிகளில் வேலை பார்த்தவர்கள். வாரக் கூலி. அரிசி ஒரு கிலோ, துவரம் பருப்பு கால் கிலோ, கடலை எண்ணெய் நூறு, பீடி ஒரு கட்டு என்று அன்றாடம் வாங்கி, சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வந்ததும் கணக்கைத் தீர்ப்பார்கள். பாதி தீரும், பாதி அடுத்த வாரத்துக்கு ஏறும்.

‘மாசம்’ என்பது சர்க்காரில் சம்பளம் வாங்கியவர்களின் பக்கம். அப்பா பெயர் எழுத மாட்டார், வேலையை எழுதுவார். ‘எம்.இ.எஸ். எலெக்ட்ரீஷியன்’ (ராணுவப் பொறியியல் பிரிவு), ‘ஏர்போர்ஸ் சமையல்காரர்’, ‘சானடோரியம் நர்சம்மா’, ‘மவுண்ட் டெய்லர்’ (மவுண்ட் என்றால் பரங்கிமலை). இவர்கள் அரிசியை மூட்டையாக எடுத்தார்கள். ஒன்றாம் தேதிக்கும் ஐந்தாம் தேதிக்கும் இடையில் கணக்கு தீர்ந்துவிடும். தீர்ந்த கணக்குக்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு கோடு.

‘ரொக்கம்’ என்பது ஊர் பேர் தெரியாதவர்களின் பக்கம். நோயாளியைத் தாம்பரம் காசநோய் சானடோரியத்தில் சேர்த்துவிட்டு இந்தப் பக்கம் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியவர்கள் அதில் நிறைய. ரஸ்க், குளுக்கோஸ், ஒரு வாளி, ஒரு பாய். கடன் கொடுக்க முடியாது. அடுத்த வாரம் இருப்பார்களா, ஊருக்குப் போய்விடுவார்களா, தெரியாது.

1990களின் நடுவில் ‘சனி’ப் பக்கங்கள் மெலிகின்றன. முப்பது பேர் இருந்த இடத்தில் பத்துப் பேர். ‘மாசம்’ பகுதி அப்படியே நிற்கிறது. கடையை மூடிய பிறகு அப்பா சொன்னது நினைவிருக்கிறது: "சனிக் கணக்குதான் கடையை ஆரம்பிச்சு வச்சுது. மாசக் கணக்குதான் கடைசிவரைக்கும் காப்பாத்துச்சு."

நாற்பது ஆண்டுகள் படித்துவிட்டு அந்த வாக்கியத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறேன். ஒரு பெரிய நிறுவனம் ஓர் ஊருக்கு என்ன செய்தது என்பதை அதன் மதிலின் நீளத்தைப் பார்த்தோ, கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயரைப் பார்த்தோ சொல்ல முடியாது. அதன் கேட்டுக்கு வெளியே எவ்வளவு சம்பளம் வருகிறது, எத்தனை கைகளுக்கு வருகிறது, எத்தனை காலம் வருகிறது என்று பார்க்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

2. நகரம் தெற்கே அனுப்பியவை

நம் வட்டாரத்தின் வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். சென்னைப் பட்டணம் தனக்குத் தேவையானது, ஆனால் தன் வாசலில் வேண்டாம் என்று நினைத்ததையெல்லாம் தெற்கே அனுப்பியது. பீரங்கி தேவை, கோட்டைக்குப் பக்கத்தில் பயிற்சிக்கு இடமில்லை, பரங்கிமலைக்குப் போனது. நோயாளிக்குச் சிகிச்சை தேவை. தொற்று நோய் ஊருக்குள் வேண்டாம், காசநோய்க்குத் தாம்பரமும் தொழுநோய்க்குச் செங்கல்பட்டுத் திருமணியும் இடம் கொடுத்தன. தோல் தேவை; தோலின் நாற்றம் வேண்டாம், அது பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் வந்தது.

நகரம் ஒதுக்கியது நமக்கு உலையில் அரிசியாயிற்று. இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை. வண்டி வண்டியாக மனிதர்கள் இங்கே வந்து குடியேறி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, வீடு கட்டி வாழ்ந்ததற்கு இவையே காரணம். பீரங்கியை வரவேற்ற, இருமலை வரவேற்ற, தோலை வரவேற்ற ஊர் நம்முடையது. அந்தப் பெருமையோடுதான் கணக்கும் கேட்க வேண்டும்.

3. பட்டாளத்து வாசல்

1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது பரங்கிமலையைச் சுற்றிச் சண்டை நடந்தது. அந்த மேட்டின் மதிப்பு ஆங்கிலேயருக்கு நன்றாகப் புரிந்தது. 1774-இல் அங்கே கன்டோன்மென்ட் அமைந்தது. சென்னை மாகாணப் பீரங்கிப் படையின் தலைமையிடமாகப் பரங்கிமலை ஆயிற்று. இந்தியச் சிப்பாய்களின் படைகளுக்குப் பல்லாவரம் பாளையமானது.

பாளையம் இருந்த இடத்துக்கு அறிவும் வந்தது. 1802-இல் நில அளவையாளர் லாம்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைக்கான அடிக்கோட்டைப் பரங்கிமலையின் அருகில்தான் அளந்தார். 1863-இல் நிலவியலாளர் புரூஸ் ஃபூட் பல்லாவரத்து அணிவகுப்புத் திடலில், சரளைக் குழி ஒன்றில், பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்து தொடங்குகிறது.

பாளையத்தைச் சுற்றி எப்போதும் கடைத்தெரு முளைக்கும். சிப்பாய்க்குத் துணி வெளுக்க வேண்டும், தைக்க வேண்டும், செருப்பு வேண்டும், இறைச்சி வேண்டும், குதிரைக்குப் புல் வேண்டும். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தை தலைமுறைகளாகக் கன்டோன்மென்ட் நிலத்தில் கூடிவருகிறது. பழைய நாற்காலி, ரேடியோ, செடி, கோழி, கருவாடு, கடப்பாரை என்று அங்கே கிடைக்காதது இல்லை. சிறு பையனாக அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனபோது, தராசுக்கு எடைக்கல் அங்கேதான் வாங்கினோம். சந்தைக்கு வருபவர்கள் பட்டாளத்துக்காரர்கள் இல்லை. ஆனால் பட்டாளம் அந்த நிலத்தைக் கட்டடமாக்காமல் வைத்திருந்ததால் ஏழை வியாபாரிக்கு ஒரு நாள் தரை கிடைத்தது. மதிலுக்கு உள்ளிருந்து வரும் சம்பளத்தைப் போலவே, மதிலுக்கு வெளியே விட்டுவைத்த தரையும் ஒரு வருமானம்.

சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு நிறுவனங்கள் நம் வட்டாரத்தின் தலைவிதியை மாற்றின. ஒன்று தாம்பரம் விமானப்படைத் தளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவான அந்த ஓடுதளத்துக்கு, 1948-இல் அம்பாலாவில் தொடங்கிய விமானப் பயிற்றுநர் பள்ளி 1954-இல் வந்து சேர்ந்தது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. இயந்திரப் பணியாளர்களுக்கான பயிற்சியும் இங்கே நடக்கிறது. இன்னொன்று பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி. 1962-இன் சீனப் போருக்குப் பின் அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டபோது 1963-இல் பள்ளியாகத் தொடங்கியது. 1988-இல் அகாடமி என்று பெயர் பெற்றது. 1992 முதல் பெண் அதிகாரிகள் அங்கிருந்து தோளில் நட்சத்திரத்தோடு வெளியே வருகிறார்கள்.

இரண்டுமே பயிற்சி நிலையங்கள் என்பதைக் கவனியுங்கள். போர்க்களத்துக்குப் போகும் படைப்பிரிவு இடம் மாறிக்கொண்டே இருக்கும். பயிற்சி நிலையம் ஊன்றி நிற்கும். ஆசிரியர், எழுத்தர், சமையல்காரர், மின் பணியாளர், தோட்டக்காரர், முடி திருத்துபவர், தையல்காரர் என்று ஊர்க்காரர்களின் கைகள் ஆண்டு முழுவதும் வேண்டும். எங்கள் நோட்டின் ‘மவுண்ட் டெய்லர்’ பயிற்சியாளர்களின் சீருடையை அளவெடுத்துத் தைத்தே மூன்று பெண்களைக் கரையேற்றியவர். "பேரேடுக்கு முந்தின வாரம் எனக்கு ராத்திரி பகல் கிடையாது" என்பார். அவர் அளவெடுத்த இளைஞர்கள் பின்னால் எந்தப் பனிமலையில் நின்றார்களோ, அவருக்குத் தெரியாது. ஆனால் மாதம் தவறாமல் எங்கள் கடைக் கணக்கு தீர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கேன்டீனும் ராணுவ மருத்துவமனையும் பக்கத்தில் இருக்கும் ஊராகப் பார்த்து வீடு கட்டுகிறார்கள். 2003-இல் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம் வந்த பிறகு, அவர்களுடைய சிகிச்சைக்கு அரசின் பணம் தனியார் மருத்துவமனைகளுக்கும் போகிறது. பட்டாளத்து வாசலும் மருத்துவமனை வாசலும் இந்த இடத்தில் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன.

4. சானடோரியத்து வாசல்

மின்சார ரயிலில் வருகிறவர்கள் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று பெயர்ப் பலகையைப் பார்க்கிறார்கள். ஒரு நோய்விடுதி தன் பெயரை ரயில் நிலையத்துக்குக் கொடுத்திருக்கிறது.

அதைக் கட்டியவர் டாக்டர் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் காசநோய் விடுதி நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துள்ள சாப்பாடு, இவ்வளவுதான் சிகிச்சை. பச்சைமலை அடிவாரத்துக் காற்றை நம்பி 1928-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு இங்கே தொடங்கினார். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், எட்டாத இடமாக இருந்தது எட்டும் இடமாயிற்று. 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் கிறித்துவக் கல்லூரியும் தாம்பரத்துக்கு வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் பொருளாதாரம் படிப்பவன் கவனிக்க வேண்டிய கதை. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளி தன் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருந்தவரைப் போலவே குணமாகிறார் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது. நம் சென்னை மருத்துவத்துக்குக் கொடுத்த பெரும் கொடைகளில் ஒன்று அது. அதோடு உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சில ஹோட்டல்களாயின. சில பாழடைந்தன.

தாம்பரம் மூடப்படவில்லை. நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்து, படுக்கைகள் எழுநூற்றைத் தாண்டின. 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சியபோது அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 2004 ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியபோது அவற்றில் தாம்பரமும் ஒன்று. 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் பக்கத்தில் வந்தது. நோய் மாறியது, மருந்து மாறியது, மருத்துவ முறையும் மாறியது. நிலமும், அதில் வேலை பார்க்கத் தெரிந்த கைகளும் நிலைத்தன.

சென்ற மாதம் விடியற்காலை ஐந்தரைக்கு அந்த வாசலில் போய் நின்றேன். டீக்கடை அம்மா பாய்லரைப் பற்றவைத்து முடித்திருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் பிளாஸ்கை நீட்டி வெந்நீர் கேட்டார். "காசு வேணாம், டீ வாங்கறப்ப குடு" என்றார் அம்மா. பிறகு என்னிடம், "வெந்நிக்கு காசு வாங்குனா கடை விளங்காது சார். இங்க வர்றவங்க பாதிப் பேரு அழுதுட்டு வர்றவங்க" என்றார். ஆறு மணிக்கு இட்லித் தட்டு இறங்கியது. பார்சல் கட்டும் பையன் சாம்பார் பொட்டலத்தை நூலால் முடிந்து அடுக்கினான். ஏழு மணிக்குள் வாளி, சோப்பு, பாய் விற்பவர் கடை விரித்தார். ஜெராக்ஸ் கடை திறந்தது. காப்பீட்டுக்கு ஆதாரும் ரேஷன் கார்டும் நகல் எடுக்க வரிசை. ஷேர் ஆட்டோக்கள், இளநீர் வண்டி, பழக்கடை. ஒரு பர்லாங்குக்குள் எத்தனை அடுப்பு இந்த வாசலை நம்பி எரிகிறது என்று எண்ண ஆரம்பித்து, நாற்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்று நம் பகுதியில் மருத்துவம் பல கிளை விட்டிருக்கிறது. பம்மலில் சங்கரா கண் மருத்துவமனை இருக்கிறது. குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவக் கல்லூரியும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு வெளிநாட்டவரும் தேடிவரும் ரேலா மருத்துவமனையும் இருக்கின்றன. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் பரிசோதனைக் கூடம், மருந்துக்கடை, செவிலியர் விடுதி. ஒரு காலத்தில் தோல் ஷாப்புக்குப் போன குடும்பத்தின் பேத்தி இன்று டயாலிசிஸ் டெக்னீஷியன். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். இந்த அவையில்தான் இருக்கிறாள்.

5. தோல் தந்த பாடம்

சேம்பர்ஸ் என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய குரோம் லெதர் கம்பெனிதான் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது. கம்பெனி போய்விட்டது, பெயர் நிற்கிறது. தோல் நம் மக்களுக்கு வேலை தந்தது, ஏற்றுமதி வருமானம் தந்தது. கூடவே நிலத்தடி நீரில் உப்பையும் குரோமியத்தையும் விட்டுச்சென்றது. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதில் பெயர் சொன்ன மாவட்டங்களில் நம் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் இருந்தது. அதே காலத்தில் நாகல்கேணியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. செலவு தாங்க முடியாத சிறு டேனரிகள் மூடின. அப்பாவின் ‘சனி’ப் பக்கம் மெலிந்தது அந்த ஆண்டுகளில்தான்.

எங்கள் வீட்டுக் கிணற்றில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. கேட்டுக்கு வெளியே சம்பளம் மட்டும் வரவில்லை, கழிவும் வந்தது. வரவைக் குறித்துவைத்த நாம் இதைக் குறிக்கவில்லை. மருத்துவமனைக்கும் ராணுவத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஊசியும் ரத்தம் தோய்ந்த பஞ்சும் மருத்துவக் கழிவாக முறையாகப் பிரிந்து போகிறதா, பணிமனை எண்ணெய் எந்த ஓடையில் சேர்கிறது, ஆழ்துளைக் கிணறுகள் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று கேட்காத ஊர், முப்பது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைகளிடம் பதில் சொல்ல வேண்டும்.

ராணுவத் தளத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸில் சான் அன்டோனியோ என்று ஒரு நகரம். ராணுவ நகரம் என்றே தன்னை அழைத்துக்கொள்கிறது; பெரிய ராணுவ மருத்துவமனையும் அங்கே இருக்கிறது. அந்நகரத்தின் கெல்லி விமானப்படைத் தளத்தை மூடுவது என்று 1995-இல் முடிவாகி, 2001-இல் மூடினார்கள். தலைமுறைகளாக அதை நம்பியிருந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் தவித்தன. நகரம் அந்த ஓடுதளத்தையும் கூடங்களையும் எடுத்து விமானப் பழுதுபார்ப்புத் தொழிலுக்குத் திருப்பியது. ஆனால் நிலத்தடி நீரில் கலந்திருந்த ரசாயனம் பக்கத்துக் குடியிருப்புகளின் துயரமாக நீடித்தது. சம்பளம் ஓர் உத்தரவில் நிற்கும். கழிவு அப்படி நிற்காது.

6. யாருடைய பணம்?

இங்கே ஒரு கடினமான கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். மருத்துவத்தால் வட்டாரம் வளர்கிறது என்று சொல்லும்போது, அந்த வருமானம் யாருடைய பையிலிருந்து வருகிறது?

தனியார் மருத்துவமனைக்குக் கட்டிய ஒரு லட்சம் ரூபாய் கணக்கில் வளர்ச்சியாகத்தான் ஏறும். அதற்காக ஒரு குடும்பம் நகையை அடகு வைத்திருந்தால், நிலத்தை விற்றிருந்தால், அது எங்கோ ஒரு கிராமத்து மளிகைக் கடையின் பற்று நோட்டில் தீராத கணக்காக நிற்கும். இங்கே எரியும் அடுப்பு அங்கே அணைந்த அடுப்பாக இருக்கக் கூடாது. 2009 முதல் மாநில அரசின் மருத்துவக் காப்பீடு இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்கிறது. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அதனால் வாசல் மருந்துக்கடைக்கு வியாபாரம் குறைந்திருக்கலாம். நோயாளிக்கு மருந்து இலவசமாகக் கிடைக்கிறதே, அந்த இழப்பை நாம் மனமார ஏற்க வேண்டும்.

அப்பாவின் நோட்டில் 1983-ஆம் ஆண்டில் இரண்டு மாதம் கையெழுத்து வேறு. எழுத்து பெரிதாக, கூட்டல் சில இடங்களில் தப்பாக. அது அம்மாவின் கையெழுத்து. அப்பா அப்போது சானடோரியத்தில் படுத்திருந்தார். இருமலில் ரத்தம் வந்து, பயந்து, மாமா கூட்டிப்போய்ச் சேர்த்தார். தினமும் ஊசி, கை நிறைய மாத்திரை, காலையில் முட்டையும் பாலும். வீட்டுக்கு வந்த பிறகும் பல மாதம் மாத்திரை. ஒரு பைசா கேட்கவில்லை. மூன்றாவது மாதம் மறுபடியும் அப்பாவின் எழுத்து தொடங்குகிறது, கொஞ்சம் நடுக்கத்தோடு. அந்த ஆண்டு நான் எட்டாம் வகுப்பு. என் படிப்பு நிற்கவில்லை.

ஓர் அரசு மருத்துவமனை வட்டாரத்துக்குத் தரும் மிகப் பெரிய வருமானம் அதுதான். சம்பாதிக்கிறவனைக் கடனில்லாமல் திருப்பி அனுப்புகிறது. எந்தப் புள்ளிவிவரத்திலும் அது தனி வரியாக வராது. அம்மாவின் கையெழுத்து முடிந்து அப்பாவின் கையெழுத்து தொடங்கும் அந்தப் பக்கத்தில் நான் அதைப் பார்க்கிறேன்.

ராணுவத்தின் கணக்கிலும் இப்படி ஒரு பக்கம் உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் வங்கக் கடலில் காணாமல் போனது. அதில் 29 பேர். ஏழரை ஆண்டுகள் குடும்பங்கள் காத்திருந்தன. 2024 ஜனவரியில், நமக்குப் பக்கத்துப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா ஆழ்கடல் ஊர்தி எடுத்த படங்களில், 3,400 மீட்டர் ஆழத்தில் அந்த விமானத்தின் சிதைவுகள் அடையாளம் தெரிந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது மீட்புக்கும் உணவுக்கும் தாம்பரம் தளத்து ஹெலிகாப்டர்கள் பறந்தன. நம் கடைகளில் படையினர் கொடுத்த ரூபாய்க்குப் பின்னால் இந்த உயிர்களும் இருக்கின்றன. ராணுவமும் மருத்துவமனையும் நமக்கு வியாபாரம் தர வந்தவை அல்ல. உயிர் காக்க வந்தவை. நம் வருமானம் அவற்றின் நிழலில் விளைவது. அந்த நிழலைக் கொச்சைப்படுத்தாமல் பயன்படுத்துவது நம் பொறுப்பு.

7. நாம் கேட்க வேண்டியவை

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. பம்மலும் அதில் கரைந்தது. இனி நம் குரல் பெரிய அவையில் ஒலிக்கலாம். எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நான்கு சொல்கிறேன்.

முதலாவது, நியாயமான பங்கு. மத்திய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி சொத்து வரி விதிக்க முடியாது. அரசமைப்பின் 285-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் சாலை, விளக்கு, குப்பை அகற்றல் போன்றவற்றுக்குச் சேவைக் கட்டணம் பெறலாம். ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிவகுத்தது: சேவைகளை எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறார்களோ அதைப் பொறுத்து, சொத்து வரியில் 75 சதவீதம், 50 சதவீதம் அல்லது மூன்றில் ஒரு பங்கு. நம் எல்லைக்குள் இருக்கும் மத்திய அரசு வளாகங்களுக்கு இந்தக் கட்டணம் எவ்வளவு, எவ்வளவு வந்தது என்று மாநகராட்சி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இரண்டாவது, உள்ளூர்க் கைகளுக்கு நிரந்தர வேலை. அப்பாவின் ‘மாசம்’ பகுதியில் இருந்தவர்கள் நிரந்தர ஊழியர்கள். இன்று அதே வேலைகளில் பல ஒப்பந்தக்காரர் மூலமாகப் போகின்றன. துப்புரவு செய்யும் பெண்ணுக்கும் காவலாளிக்கும் எந்தத் தேதியில் சம்பளம் வரும் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்சி மாறினால் எந்த மளிகைக் கடைக்காரர் நம்பி அரிசி மூட்டை கொடுப்பார்? மாதச் சம்பளம் வாரக் கூலியாகத் தேய்ந்தால் கேட்டுக்கு வெளியே வரும் பணத்தின் உரமே போய்விடும். நம் பிள்ளைகளுக்குச் செவிலியர், ஆய்வகம், கருவி பழுதுபார்ப்பு, விமான இயந்திரம் ஆகியவற்றில் பயிற்சி இங்கேயே கிடைக்க வேண்டும். கற்றுக்கொடுப்பவர்கள் நம் மதிலுக்கு அந்தப் பக்கமே இருக்கிறார்கள்.

மூன்றாவது, துணைக்கு வருபவர்களுக்குத் தங்குமிடம். வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சுற்றி வங்காள எழுத்தில் பலகை வைத்த விடுதிகளையும் உணவகங்களையும் பார்க்கலாம். 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கியது ஓர் ஊரையே விருந்தோம்பல் ஊராக்கிவிட்டது. நம் ஊரிலோ நோயாளியின் தாய் ஆஸ்பத்திரி மரத்தடியில் பாயை விரிக்கிறார். நாளொன்றுக்குச் சிறு வாடகையில் மாநகராட்சியே தங்குமிடம் கட்டலாம். சுத்தமான கழிப்பறை, ஓர் அடுப்பு, பூட்டு போட்ட அலமாரி போதும்.

நான்காவது, நிலம். கன்டோன்மென்ட் குடியிருப்புப் பகுதிகளை அருகிலுள்ள உள்ளாட்சிகளோடு சேர்ப்பது மத்திய அரசின் கொள்கையாகியிருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரத்து நிலம் கைமாறும் நாள் வந்தால், வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அதே தரை எழுத்தில் உறுதியாக வேண்டும். விடுபடும் ஒவ்வொரு ஏக்கரிலும் பள்ளி, மருத்துவமனை, குளம் ஆகியவற்றுக்கே முதல் உரிமை. சௌரிமுத்து தேடி வைத்த நிலம் இருந்ததால்தான் ஒரு நோய் ஓய்ந்ததும் அடுத்த நோய்க்கு இடம் கிடைத்தது. விற்றுவிட்ட நிலம் எந்தக் கொள்ளைநோய்க் காலத்திலும் திரும்பி வராது.

நண்பர்களே, அப்பாவின் நோட்டுகளை இந்த ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். படிக்க வரும் மாணவர்கள் மூன்று தலைப்புகளையும் பார்க்கட்டும். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு இன்றைய வாசல்களுக்குப் போகட்டும்: சானடோரியத்து வாசலுக்கு, சேலையூர்ப் பக்கத்து விமானப்படை வாசலுக்கு, மவுண்ட் அகாடமி வாசலுக்கு. மாலையில் வெளியே வருபவர் எந்த ஊர்க்காரர், எந்தத் தேதியில் சம்பளம், எந்தக் கடையில் அரிசி வாங்குகிறார் என்று கேட்டு எழுதட்டும். என் அப்பா எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அவரால் இருபது ஆண்டுகள் இந்தக் கணக்கைத் தவறாமல் எழுத முடிந்தது. ஒரு மாநகராட்சியால் எழுத முடியாதா? அப்படி ஒரு நோட்டு எழுதி முடித்து அதே அலமாரியில் சேருகிற நாளில் என்னை மறுபடியும் கூப்பிடுங்கள். உட்கார்ந்து கேட்க வருகிறேன்.